வரம்போரத்து ஏணை

முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். அக்காலத்தில் பலமுறை எழுதிய ஒரு செய்தி உண்டு. அதன் தலைப்பு மாறுவதில்லை: 'கிணற்றில் வீழ்ந்து குழந்தை பலி'. ஊரின் பெயர் மாறும். வயது ஒன்றரை என்றோ இரண்டு என்றோ இருக்கும். 'தாயார் தோட்ட வேலையில் ஈடுபட்டிருந்த வேளை' என்று ஒரு வரி வரும். பிறகு மரண விசாரணை, சடலம் உறவினரிடம் ஒப்படைப்பு. உள்பக்கத்தின் மூலையில் நான்கே வரிகள். அந்த 'வேளை' என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊடகக்கல்வி பயின்ற நான்கு இளையோர் என்னைத் தேடி வந்தார்கள். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு விவரணப்படம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். நானும் பழைய பத்திரிகைக்காரனின் தோரணையில் ஆலோசனை கூறினேன்: அதிகாரிகளின் செவ்வி வேண்டும், புள்ளிவிபரம் வேண்டும், முடிவில் ஒரு கோரிக்கை வேண்டும். பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒன்றையும் செய்யவில்லை. தோட்டத்து வரம்பிலே போய் நாட்கணக்காக உட்கார்ந்துவிட்டார்கள்.

படத்தைச் சனசமூக நிலைய முற்றத்தில், வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டார்கள். எனக்கு யுத்தகாலம் நினைவுக்கு வந்தது. மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஊர் திரண்டு விடியவிடியப் படம் பார்த்த தலைமுறை எங்களுடையது. இம்முறை திரையில் நடிகர் எவருமில்லை. ஓர் இளந்தாய் வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குகிறாள். சற்றுத் தள்ளிப் பூவரச மரத்தில் சேலை ஏணை. அதற்கும் அப்பால் கட்டுத் தாழ்ந்த தோட்டக் கிணறு. கமெரா அசையவில்லை, பின்னணி இசையும் இல்லை. நான்கு நிமிடங்களில் அவள் பதினொரு தடவை தலையை நிமிர்த்தி ஏணையைப் பார்த்தாள். முதலில் எனக்குச் சலிப்பு. பிறகு எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடித்தபோது, நான் எழுதிய அந்த நான்கு வரிகள் எத்தனை கொடுமையானவை என்று விளங்கிற்று. 'தாயாரின் கவனயீனம்' என்றுகூட ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

படம் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "உந்தப் பிள்ளையின்ரை அம்மம்மா எங்கை?"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "காசிருக்கிற வீட்டு அம்மம்மாமார் ஸ்காபரோவிலை பேரப்பிள்ளை பாக்கினம், அப்பு. மிச்ச அம்மம்மாமார் எங்களோடை நிண்டு புல்லுப் பிடுங்கினம்."

சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்தப் பெண் சொன்னது பகிடியல்ல. 2011 டிசெம்பரில் கனடா அறிமுகப்படுத்திய 'சுப்பர் விசா'வில் போய்ப் பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்டு வரும் எங்களூர் மூதாட்டிகள் பலர். அங்கும் பராமரிப்புக்கு ஆளில்லை, இங்கும் இல்லை. எங்கள் முன்பள்ளிகள் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானவை, மத்தியானத்துக்குள் மூடிவிடும். மூன்று வயதுக்குக் குறைந்ததுகளுக்கு ஏணையும் கடவுளுமே காவல். மலையகத் தோட்டங்களில், குறைபாடுகள் எத்தனை இருந்தாலும், 'பிள்ளைக் காம்பரா' என்றொரு இடம் உண்டு. எங்கள் தோட்டங்களுக்கு அந்தச் சொல்லே கிடையாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் பாலூட்டும் தாய்க்கு இடைவேளை கொடுக்கச் சொல்கிறது. நாட்கூலிக்காரி அதை யாரிடம் கேட்பாள்?

அரசின் போக்கும் விசித்திரமானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக்கூடாதென்று 2013இல் விதி வந்தது. பொருளாதாரம் நொறுங்கிய 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் தேவைப்பட்டபோது விதி இளகியது. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்போதும் கேட்கப்படவில்லை, இப்போதும் கேட்கப்படவில்லை.

விவரணப்படத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ, நியூபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள ஃபோகோ தீவுக்குப் போனார். மீன்பிடி நலிந்து, மக்களை இடம்பெயர்க்க அரசு யோசித்துக்கொண்டிருந்த தீவு அது. அவர் எடுத்த 27 குறும்படங்களை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள், பிறகே ஆட்சியாளருக்கு. தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டபின் ஊரவர் ஒன்றுகூடினார்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவிலேயே தங்கிவிட்டார்கள். அதே சபையில் கத்லீன் ஷானன் 1974இல் வேலைக்குப் போகும் தாய்மார் பற்றி ஒரு படவரிசையே எடுத்தார். படத்தை யாருக்கு முதலில் காட்டுகிறோம் என்பதிலேதான் பாதிக் காரியம் இருக்கிறது. எங்கள் இளையோர் இதையெல்லாம் படித்துச் செய்தார்களோ தெரியாது. ஆனால் சரியாகவே செய்தார்கள்.

அன்றிரவே ஊரில் ஒரு முடிவு எடுத்தார்கள். முன்பள்ளிக் கட்டடத்தைப் பின்னேரம் இரண்டு மணிவரை திறந்து வைப்பது; சிறுபிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்குவது; வயதான இரு பெண்கள் பார்த்துக்கொள்வது; அவர்களுக்குரிய கொடுப்பனவைத் தோட்டக்காரர் பகிர்ந்து கொடுப்பது. ஒரு போகம் நன்றாக நடந்தது. அடுத்த போகத்தில் வெங்காயம் விலைபோகவில்லை; கொடுப்பனவு நின்றது; அறையும் பூட்டப்பட்டது. கிணற்றின் கட்டை மட்டும் சிரமதானத்தில் உயர்த்திக் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது.

படம் ஒரு ஊரை ஓரிரவு விழிக்க வைக்கும். மாதாமாதம் சம்பளம் கொடுக்க அதனால் இயலாது. அது அரசின் கடமை. அதுவரை, புலம்பெயர் தேசங்களிலுள்ள ஊர்ச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் மைதானத்துக்கும் நீங்கள் அனுப்பும் பணத்தால் ஊர் அழகாகியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளைகளுக்கென்று இன்னொரு கட்டடம் கட்டித் தராதீர்கள். கட்டடம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்திருக்கும் இரண்டு பெண்களின் சம்பளந்தான் இல்லை. பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு அது என்பது எனக்குத் தெரியும்.

கடந்த மாதம் இளம் நிருபர் ஒருவர் எனக்கு ஒரு செய்தியை வாசித்துக் காட்டினார். அதே தலைப்பு, அதே நான்கு வரிகள்.

"தாய் எங்கை வேலை செய்துகொண்டு நிண்டவ, பிள்ளையை ஆர் பாத்தது எண்டு கேட்டீரோ தம்பி?" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இல்லை ஐயா. நாளைக்குப் போய்க் கேக்கிறன்" என்றார்.