களம் மறுக்கக்கூடிய கேள்வி

ஊடகவியல் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கென முதலில் எழுதிக் கொண்டுவரும் தலைப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன: ‘சமூக ஊடகமும் மொழி அடையாளமும்’, ‘தொலைக்காட்சிச் செய்தியும் வன்முறையும்’. இவை பொருட்பரப்புகள், கேள்விகள் அல்ல. பரப்பிலிருந்து கேள்விக்கு வந்து சேரும் வழியை நூலகத்தைக் காட்டிலும் களமே தெளிவாகக் காட்டும். பெங்களூரின் காக்ஸ் டவுனை எடுத்துக்கொண்டு இதைச் சிந்திக்கலாம்.

1809இல் பிரிட்டிஷார் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்ததைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்திலிருந்து படைவீரர்களும் வணிகர்களும் தொழிலாளர்களும் அங்கே குடியேறினர். 1949 வரை அப்பகுதி நகரிலிருந்து பிரிந்த தனி நிர்வாகமாகவே இருந்தது. ஆங்கிலேயக் கலெக்டர் ஒருவரின் பெயரைத் தாங்கிய காக்ஸ் டவுன் அந்த வரலாற்றின் மிச்சம். தமிழ் இன்றும் அங்கே கேட்கும் மொழிகளுள் ஒன்று.

2016 செப்டம்பரில் காவிரி நீர் குறித்த உச்சநீதிமன்ற ஆணையை அடுத்து, 12ஆம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. அதற்கு முன்பே, முகநூல் பதிவு ஒன்றுக்காக இளைஞர் ஒருவர் தாக்கப்பட்ட காணொளி இரு மாநிலங்களிலும் பரவியிருந்தது. இதைக் கருப்பொருளாக்க விரும்பும் மாணவர் ‘அச்சத்தைப் பரப்பியதில் வாட்ஸ்அப்பின் பங்கு’ என்று தலைப்பிடக்கூடும். முடிவு அத்தலைப்பிலேயே குடியேறிவிட்டது. இனிக் களத்துக்குச் செல்வது சான்று சேகரிக்க மட்டுமே. மாறாக இப்படிக் கேட்கலாம்: அன்று காக்ஸ் டவுனின் தமிழ்க் குடும்பங்கள் எச்செய்தியை, எவ்வழியில், எம்மொழியில் பெற்றன? வெளியே செல்வதா வேண்டாமா என்பதை எதை நம்பித் தீர்மானித்தன? இக்கேள்விக்கு விடை வாட்ஸ்அப்பாக இருக்கலாம். கன்னடச் செய்தித் தொலைக்காட்சியாக இருக்கலாம். எதிர்வீட்டுக் கன்னடர் சொன்ன ஒரு சொல்லாகவும் இருக்கலாம். ஆய்வாளரின் முன்முடிவை மறுக்கக் களத்துக்கு இடம் தரும் கேள்வியே ஆய்வுக்கேள்வி.

அடுத்த சிக்கல் ‘தமிழர்’ என்னும் சொல்லிலேயே இருக்கிறது. கண்டோன்மென்ட் பகுதித் தமிழர்களுள் பலர் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவர், தமிழ் எழுத்து அறியார். தமிழில் அச்சிட்ட வினாநிரல் ஒன்றை வழங்கினால், அவர்களெல்லாம் மாதிரியிலிருந்து ஓசையின்றி வெளியேறிவிடுவர். அச்சுமொழியின் வழியே சமூகம் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறது என்று 1983இல் பெனடிக்ட் ஆண்டர்சன் முன்வைத்த வாதத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. வாசிப்பது ஒரு மொழி, கேட்பது மற்றொன்று, அஞ்சுவது மூன்றாவதில் என்று வாழும் மனிதர்கள் இவர்கள். ஆகவே மாதிரியை வயது, பால், தொழில் ஆகியவற்றால் மட்டும் வகுத்தல் போதாது. எம்மொழியைப் பேசுவர், எதை வாசிப்பர், எதில் குரல்செய்தி அனுப்புவர் என்பதாலும் வகுக்க வேண்டும்.

ஒப்பீடு இன்றித் தொழில்நுட்பத்தைக் காரணமாக்க முடியாது. 1991 டிசம்பர் 12, 13 தேதிகளில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அப்போது கைப்பேசியும் இல்லை, தனியார் செய்தித் தொலைக்காட்சியும் இல்லை. எனினும் அச்சம் தெருத்தெருவாகச் சென்றது. ஒரே குடும்பத்தின் மூத்தவரிடம் 1991 பற்றியும் இளையவரிடம் 2016 பற்றியும் கேட்டால், கருவி மாறியதால் எது மாறியது, எது மாறவில்லை என்பது புலப்படும். ஆனால் அவர்கள் தருவது இன்றைய நினைவு. பின்னர் பார்த்த காட்சிகளும் அதில் கலந்திருக்கும். அந்நாட்களின் நாளிதழ்களோடு வைத்துப் பார்ப்பது தவிர்க்க இயலாதது.

ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்ன குறியாக்கம், குறிவிலக்கம் என்னும் கருத்தை டேவிட் மோர்லி 29 குழுக்களிடம் சோதித்து 1980இல் நூலாக்கினார். பின்னர், மக்கள் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டுச் சூழலுக்கு வெளியே அவர்களைக் கூட்டிப் பேசவைத்ததன் குறையை அவரே உணர்ந்து, அடுத்த ஆய்வைக் குடும்பங்களின் வீடுகளுக்குக் கொண்டுசென்றார். பேட்டியின் இடமும் முறையியலின் பகுதி என்பதே இதன் பாடம். கடை வாசலில் ‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பவர் வீட்டுக் கூடத்தில் வேறொன்று சொல்லக்கூடும்.

காலக்கணக்கும் நேர்மையாக இருத்தல் வேண்டும். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு பகல் தேவைப்படும். ஒரே பருவத்தில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு நாற்பது பேட்டிகள் ஆசை. பன்னிரண்டு பேட்டிகள் திட்டம். எம்மொழியில் எது சொல்லப்பட்டது என்பதை எழுத்தாக்கத்தில் குறிக்காமல் ஆங்கிலத்தில் மட்டும் தொகுத்தால், ஆய்வின் மையத் தரவே அழிந்துவிடும்.

இறுதியாக, இவ்வாய்வில் பணயம் வைக்கப்படுவது மாணவரின் மதிப்பெண் மட்டுமன்று. காக்ஸ் டவுன் சிறிய இடம். பெயரை மாற்றினாலும், ‘இன்ன தெருமுனையில் இன்ன கடை வைத்திருப்பவர்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுகொள்வர். ஆய்வேடு இணையத்தில் ஏறிவிடும். காவிரிச் சிக்கல் மீண்டும் எழும் ஓர் ஆண்டில் அவ்வரியை வேறொருவர் வேறு நோக்கத்தோடு வாசிக்கக்கூடும். எதைப் பதிவு செய்வது என்பதோடு எதை எழுதாமல் விடுவது என்பதையும் ஆய்வு முன்வரைவிலேயே தீர்மானித்தாக வேண்டும். ஆய்வாளர் ஊர் திரும்பிவிடுவார். பேசியவர் அதே தெருவில்தான் வாழ்ந்தாக வேண்டும்.