வட்டகொடைப் பனியில் ஒரு பழைய மோரிஸ்

மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்து திரும்புவோர் நீர்வீழ்ச்சிகளைப் பற்றி எழுதுவர். பனியைப் பற்றி எழுதுவர். கொழுந்து கொய்யும் பெண்களின் விரைந்த விரல்களைப் பற்றி எழுதுவர். நாம் எழுதப் புகுவதோ ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பற்றி. "இதற்காகவா மலையேறினீர்கள்?" என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்த வண்டியின் பின்னே போனதனாலேதான் வட்டகொடையின் குளிர் எத்தகையது என்பதையும், அக்குளிரை அறிந்த மனிதர் எத்தகையவர் என்பதையும் நாம் கண்டோம்.

2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை கொழும்பிலிருந்து புகையிரதத்தில் புறப்பட்டோம். வட்டகொடைக்குப் போகிறோம் என்று சொன்னபோது, "வட்டவளைக்கா?" என்று திருப்பிக் கேட்டவர்களே அதிகம். வட்டவளை அட்டனுக்கு இப்பால். வட்டகொடை அதற்கு அப்பால். அட்டனைக் கடந்ததும் சிங்கமலைச் சுரங்கத்தின் இருள், பின்னர் கொட்டகலை, சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் வெண்மை, தலவாக்கலை, அடுத்த நிலையம் வட்டகொடை. 1885ஆம் ஆண்டில் நானுஓயா வரை நீட்டப்பட்ட அந்தப் பாதை, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஊர் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றம் சென்ற கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மடகொம்பரைத் தோட்டமும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே.

நிலையத்தின் வெளியே எமது நண்பர் காத்திருந்தார். அவரருகே, வெளிறிய பச்சை நிறத்தில், உருண்ட முகமும் அகன்ற கண்களுமாக நின்றது அவருடைய மோரிஸ் மைனர் பிக்கப்.

விற்பதா, வைத்திருப்பதா?

மோரிஸ் மைனரை அறியாத இலங்கையர் குறைவு. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்த வண்டி, 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சம் அளவில் உற்பத்தியாயிற்று. பிக்கப் வண்டி 1953இல் வந்தது. காருக்கு இல்லாத தனிச் சட்டம் இதற்கு உண்டு. கால் தொன் பாரத்தைச் சுமப்பதற்காக அப்படிச் செய்தார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் புதிய வண்டிகளின் வரவு சுருங்கியபோது, இருந்த வண்டிகளைச் சாகவிடாமல் காப்பதே நம் நாட்டு மெக்கானிக்குகளின் வித்தையாயிற்று. அந்த வித்தை எவ்வளவு முதிர்ந்தது என்றால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மோரிஸ் வல்லுநரான சார்ல்ஸ் வேர் என்பார், தம் நாட்டு மைனர்களுக்கு வேண்டிய தகடுகளையும் பாகங்களையும் இலங்கையிலேயே செய்வித்துத் தருவித்தார்! தாயகத்தில் கிடைக்காத மருந்து தத்துப் பிள்ளையின் வீட்டில் கிடைத்தது.

மீண்டும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி வரை அத்தடை நீடித்தது. பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. எமது நண்பரின் பிக்கப்பையும் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பார்த்து, அலங்கார வண்டியாக வைத்துக்கொள்ள நல்ல விலை பேசியிருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"கொடுத்துவிடத்தான் யோசனை அண்ணே" என்றார் நண்பர். அவர் குரலில் உற்சாகமில்லை.

காரணம் கேட்டோம். அவர் லயங்களைச் சூழ்ந்த சிறு தோட்டங்களில் விளையும் லீக்ஸ், கரட், கோவா ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு விடியுமுன் தலவாக்கலைக்குச் செல்பவர். அங்கே கொழும்புக்குப் போகும் லொறி நிற்கும். அது எவருக்காகவும் காத்திராது. பதின்மூன்று வீட்டாரின் மரக்கறி அந்தப் பிக்கப்பை நம்பியிருந்தது. மார்கழி பிறந்தது முதல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. முதல் திருப்பத்தில் இருமும், இரண்டாவதில் தள்ளாடும், மூன்றாவதில் அணைந்துவிடும். பனி மூடிய வளைவில், பின்னால் பஸ் வந்தால் என்னாகும் என்ற பயத்துடன் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அதன் பின் ஒன்றுமே நடவாததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். அதற்குள் லொறி போய்விடும்.

"கராஜுக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளை. ஒரு குறையும் தெரியாது. கொயில் மாற்றியாச்சு, கொண்டென்சர் மாற்றியாச்சு, பெற்றோல் தாங்கியைக் கழுவியாச்சு. இனி மாற்ற நான்தான் பாக்கி!" என்றார்.

ஞாயிறு விடியலில் ஒரு சபை

வட்டகொடை, தலவாக்கலை, பூண்டுலோயாப் பக்கங்களில் பழைய வண்டி வைத்திருப்போர் ஒரு சிலர் உளர். ஒருவரிடம் ஆஸ்டின் ஏ55 பிக்கப், பேக்கரிக்காரரான முஸ்லிம் அன்பரிடம் மோரிஸ் வான், இன்னொருவரிடம் டட்சன். ஒருவர் வண்டி படுத்தால் மற்றவர்கள் சாவிகளுடன் வந்துவிடுவார்கள். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் எழுபதைக் கடந்த ஒரு சிங்களப் பெரியவர். தோட்டத் தொழிற்சாலையில் யந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். மலைநாட்டுத் தமிழைத் தடையின்றிப் பேசுபவர். எல்லாரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைத்தனர்.

சனி இரவு நண்பர் வீட்டில் தேநீருடன் சபை கூடிற்று. ஒருவர் பெற்றோல் பம்ப் மீது பழி சுமத்தினார். மோரிஸின் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்று ஒலித்து, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டால் அடங்கிவிடும். ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் ஓடும். இன்னொருவர் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்வதைச் சொன்னார். மூன்றாமவர் மலைக்காற்றின் மெலிவைச் சொன்னார். அதிலும் உண்மையுண்டு. ஆயிரம் அடி ஏறுந்தோறும் எஞ்சினின் வலு நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் குறைகிறது. காற்றுக் குறைவதால் பெற்றோல் மிகுந்து, பிளக் கரி பிடிக்கிறது. பிளக்கின் முனை பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் கலவை சரி என்பது இவர்களது வாய்பாடு. தேயிலை நாட்டுக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் வேறென்ன வேண்டும்?

பாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நோயாளியை நோய் வந்த நேரத்தில் பார்க்கவேண்டும். நாளைக்கு விடிய ஐந்தரைக்கு நானும் வண்டியில் வருகிறேன்" என்று மட்டும் சொல்லி எழுந்துபோனார்.

மறுநாள் பனி, லயத்துக் கூரைகளைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூச்சு விட்டால் புகையாய் வந்தது. முன்னிருக்கையில் நண்பரும் பாஸும். பின்னே வெற்றுப் பெட்டியில், சாக்குகளைப் போர்த்துக்கொண்டு நாமும், நண்பரின் பதினான்கு வயது மகளும். டோர்ச் பிடிப்பது அவள் வேலை. தலவாக்கலை வீதியில் இறங்கத் தொடங்கினோம். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு ஓட்டினார் நண்பர். முதல் திருப்பத்தில் இருமல். இரண்டாவதில் தள்ளாட்டம். சொல்லி வைத்ததுபோல மூன்றாவதில் வண்டி அணைந்தது.

"ஒருத்தரும் ஒன்றும் தொட வேண்டாம்!" என்று பாஸ் கதவைத் திறந்து ஓடினார். வானெட்டைத் தூக்கினார். பிளக் வயரைக் கழற்றி நண்பரை எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். நீலப் பொறி குதித்தது. பெற்றோல் குழாயைக் கழற்றினார், பம்ப் பீறிட்டது. மின்சாரமும் உண்டு, பெற்றோலும் உண்டு. பின்னர் அவர் செய்தது எமக்கு விசித்திரமாக இருந்தது. குழந்தையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் கார்புரேட்டரின் உடம்பில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்கே வா மகள். நீயும் கை வைத்துப் பார்."

அச்சிறுமி தொட்டாள், உடனே கையை இழுத்துக்கொண்டாள். "ஐஸ் தாத்தா!" என்றாள்.

நாமும் தொட்டோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல்போல அது வியர்த்திருந்தது.

பனிக்குள் ஒரு பனிக்கட்டி

எஸ். யூ. என்ற பெயருடைய அந்தக் கார்புரேட்டருக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. அதைக் கண்டவர்கள் பாதணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள். ஆதியில் அதன் உள்ளுறுப்பான துருத்தியைத் தோலினாலேயே செய்தார்களாம். பின்னர் தோலின் இடத்தைப் பித்தளைப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் உயரும். அதனுடன் கூடிய ஊசியும் உயர்ந்து, அதற்கேற்ற பெற்றோலை விடும். கலவை சரியா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பிஸ்டனை மயிரிழையளவு உயர்த்துவார்கள். வேகம் கூடிக் கூடியபடியே இருந்தால் பெற்றோல் மிகுதி. எஞ்சின் அணைந்தால் பெற்றோல் குறைவு. சற்றே கூடிப் பழையபடி வந்தால் சரி. அடியிலுள்ள நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருத்துவார்கள்.

இந்த வண்டியிலோ கலவையில் குற்றமில்லை. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. கையில் ஒரு துளி பட்டாலே சில்லிடுகிறதல்லவா? கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் அக்குளிர்ச்சி இன்னும் கடுமை. உள்ளே வருவது ஈரம் செறிந்த பனிக்காற்று. வெளியே தண்ணீர் உறையாத குளிர்தான். ஆனால் கழுத்துக்குள் ஈரம் உறைந்து, காற்றுக் கதவைச் சுற்றிப் பனிக்கட்டி வளர்கிறது. கால் எடுத்த இறக்கத்தில் அக்கதவு ஏறக்குறைய மூடியே இருக்குமாதலால், சிறிதளவு பனிக்கட்டியே வழியை அடைத்துவிடும். வண்டி நின்றதும் எஞ்சினின் சூடு மெல்ல ஏறிப் பனிக்கட்டியை உருக்குகிறது. கராஜுக்குப் போகுமுன் குற்றவாளி நீராகி ஓடிவிடுகிறான்! விமானிகள் நெடுங்காலமாக அஞ்சிவந்த இதே நோயே மரக்கறி வண்டியையும் பிடித்திருந்தது.

பாஸ் டோர்ச் வெளிச்சத்தில் காற்று வடிகட்டியைச் சுட்டினார். அதன் கொம்பு வண்டியின் முன்புறத்தை நோக்கி இருந்தது. "இதை யார் இப்படித் திருப்பினது?"

"வாங்கும்போதே அப்படித்தான் பாஸ். குருநாகலில் ஓடின வண்டி."

"அதுதான். அங்கே வெயிலுக்கு இது சரி. இங்கே இந்தக் கொம்பு புகைப்போக்கிப் பக்கம் பார்க்க வேணும். சூட்டுக் காற்றைக் குடிக்க வேணும்."

ஒரு நட்டைத் தளர்த்தினார், கொம்பைத் திருப்பினார், நட்டை முறுக்கினார். சிகிச்சை முடிந்தது. பிறகு கராஜில், பால்மா டின் ஒன்றை வெட்டி வளைத்து, சூட்டுக் காற்று சிதறாமல் கொம்புக்குள் போகும்படி ஒரு மறைப்பும் பொருத்தினார். கூலி கேட்டபோது, "டின்னுக்குக் காசு தா, அது என் வீட்டுக்காரியுடையது" என்று சிரித்தார். வெயில் காலத்தில் கொம்பை மறுபடி முன்னே திருப்ப வேண்டும் என்பதைச் சிறுமி தன் பாடக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.

லொறி நின்றது

திங்கள் விடியலில் ஒன்பது சாக்கு மரக்கறியுடன் மீண்டும் அதே வீதியில் இறங்கினோம். பனி முந்திய நாளைவிட அடர்த்தி. முதல் திருப்பம் சென்றது, இரண்டாவது சென்றது. மூன்றாவது திருப்பத்தில் நண்பர் வாய் திறக்கவில்லை, நாமும் திறக்கவில்லை. மோரிஸ் மட்டும் தன் பழைய குரலில் பேசிக்கொண்டே போயிற்று. தலவாக்கலையில் லொறிக்காரர் இன்னும் தேநீர் குடித்து முடிக்கவில்லை.

அங்கிருந்தே நண்பர் கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினார். "மன்னிக்க வேணும் ஐயா. வண்டிக்கு இங்கே வேலை இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் புகையிரதத்தில் நாம் அந்தக் கொம்பைப் பற்றியே யோசித்தோம். கீழ்நாட்டில் அதைத் திருப்பிவைத்தவர் தவறு செய்யவில்லை. அங்கே அதுவே முறை. அம்முறையை ஆராயாமல் மலைக்கு ஏற்றியதே பிழை. மலைநாட்டு மக்களின் காரியங்கள் பலவும் இப்படிக் கீழே வகுத்த கணக்கின்படி நடந்து, நடுவழியில் நின்றிருக்கின்றன. அவற்றையும் நின்ற இடத்திலேயே, நின்ற நேரத்திலேயே தொட்டுப் பார்க்கும் கை வேண்டும்.

பாஸுக்கு வயதாகிவிட்டது. ஆயினும் அந்தக் குளிர்ச்சி எப்படியிருக்கும் என்பதை வட்டகொடையில் இன்னொரு சிறிய உள்ளங்கையும் இப்போது அறியும்.