மாமாவின் 31 பைட்டுகள்

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன வாரம் தென்காசியில புடுங்கின ஆணிக்கு சம்பளம் கிடையாது மக்கா, ஒரு தூக்குச்சட்டிதான் கிடைச்சுது.

மாமா பாத்திரக்கடை வச்சிருக்கார். 1998ல சாயங்கால வகுப்புக்குப் போய் சி கத்துக்கிட்டு, தீபாவளிச் சீட்டுக்கு அவரே ஒரு ப்ரோக்ராம் எழுதினார். டர்போ சி, நீல ஸ்கிரீன். வாழ்க்கையில அவர் எழுதின ஒரே ப்ரோக்ராம். போன மாசம் அந்தப் பழைய எக்ஸ்பி பொட்டி மண்டையைப் போட்டுருச்சு, ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பிச்சுது. புது லேப்டாப்போ திறக்கவே மாட்டேன்னுருச்சு. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் டாஸ் ப்ரோக்ராம் ஓடாது.

"நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சியே மருமவனே, ஓட வையி" என்றார். 140 பேரோட சீட்டுப் பணம்.

டாஸ்பாக்ஸ்ல போட்டேன், ஓடிச்சு. ஆனா பிரிண்டருக்கு ரசீது போகல. ரசீது இல்லாம எவன் நம்புவான்? சரி, சோர்ஸ்தான் இருக்கே, ஜிசிசியில கம்பைல் பண்ணிடலாம்னு உக்காந்தேன். கிளியர் ஸ்கிரீன், கோட்டு எக்ஸ்ஒய்னு வரிசையா எர்ரர். அதெல்லாம் போர்லாந்தோட சொந்தச் சரக்கு, சி மொழியில கிடையாது. (எங்க காலேஜ்ல அதையும் சேர்த்துத்தான் 'சி'ன்னு சொல்லிக்குடுத்தாங்க. வாய்டு மெயின் தனிக்கதை.) ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் மாத்தி ரன் பண்ணேன்.

முதல் ஆள்: சீட்டு எண் 1431109633. இங்கிலீஷ்ல அடிச்சிருந்த முருகன், 'ருகன்' ஆயிட்டார். ரெண்டாவது ஆள்லேர்ந்து வெறும் குப்பை. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. ஏன்னா, அந்த டேட்டா பைலை நான் காப்பி எடுக்காம திறந்திருந்தேன். ஆமா, நானேதான். தினம் ஜூனியர் பசங்களை பேக்கப் எடுக்கச் சொல்லித் திட்டுற அதே ஆள்.

நல்லவேளை, எதையும் எழுதல. காப்பி எடுத்துட்டு நிதானமா பார்த்தேன். மாமா ஸ்ட்ரக்சரை அப்படியே பைல்ல கொட்டியிருந்தார். டர்போ சியில இன்ட் 2 பைட், பேரு 25, லாங் 4, ஆக 31. ஜிசிசியில இன்ட் 4 பைட், நடுவுல 3 பைட் இட்டு நிரப்பும், மொத்தம் 36. முருகனோட முதல் ரெண்டு எழுத்தை சீட்டு எண் முழுங்கிருச்சு, அவ்ளோதான். ப்ரோக்ராம்ல தப்பே இல்ல. ஆனா 'இன்ட்'னா எவ்ளோ பெருசுன்னு மாமாவும் சொல்லல, மொழியும் சொல்லல. 16 பிட், 32 பிட்னு அளவைச் சொல்லியே எழுதுற வசதி சி99லதான் வந்துச்சு.

இதுல ஜித்தன் டொனால்ட் க்னூத். 1978ல முதல்ல ஓடின அவரோட டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் இன்னிக்கும் ஓடுது. தசமக் கணக்கு மெசினுக்கு மெசின் மாறும்னு, வரியை எங்க உடைக்கணும்ங்கிற கணக்கைப் பூரா முழு எண்லயே போட்டார். பாஸ்கல்ல எழுதினதை இப்ப சி ஆக்கித்தான் கம்பைல் பண்றாங்க, ஆனாலும் வரி அதே இடத்துல உடையுது. நான் ரெண்டு வருசம் முன்னாடி எழுதின வெப் ப்ராஜெக்ட் இன்னிக்கு பில்டே ஆகல. அதை மாமாகிட்ட சொல்லல.

ஒவ்வொரு பைட்டா படிக்கிற மாதிரி மாத்தினேன். 140 பேரும் வந்தாங்க, முருகன் தலையோட வந்தார். ரசீதும் அடிச்சுது. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாக் கணக்கையும் சாதா டெக்ஸ்ட் பைலாவும் எடுத்து வச்சேன்.

மாமா அதை பிரிண்ட் எடுக்கச் சொல்லி, மடிச்சு கல்லாப்பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டார்.