கொல்லன் சேமகன்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் ஒரு சிற்பப் பட்டறை. நான் அங்கே சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. பையன் சிலை செய்யக் கற்கிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். முதல் எட்டு மாதம் நான் கற்றதென்னவோ, மழுங்கின உளிகளைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லர் உலைக்கு நடப்பதைத்தான்.

கருங்கல் இரும்பைத் தின்னும். காலையில் ஊசியாக இருந்த உளி டீ வரும் நேரத்துக்குள் மொண்ணையாகிவிடும். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு உளி போதாது, ஒரு கட்டு வேண்டும். உலையில் இருந்தவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். நான் துருத்தி ஊதுவேன். அவர் முனையைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுப்பார். பின்னால் மிச்சமிருக்கிற சூடு மெல்ல நுனிக்கு ஏறும். அதோடு நிறமும் ஏறும். வைக்கோல் நிறம் வந்ததும் முழுக்க அமுக்கிவிடுவார். அதைத் தவறவிட்டு நீலம் கண்டால் முனை மடங்கும். முந்திக்கொண்டால் கல்லில் பட்டதும் தெறிக்கும். எல்லாம் ஒரு கண் சிமிட்டும் நேரம். எனக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆனது.

பிறகுதான் பட்டறையின் தலைமைச் சிற்பியான ஸ்தபதி என்னைக் கல்லின் முன் உட்கார வைத்தார். நடுவே பிரம்ம சூத்திரம் என்கிற செங்குத்துக் கோடு, குறுக்கே அளவுக் கோடுகள். எல்லாம் செங்காவியில். முக நீளம் ஒரு தாளம், தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், உத்தம தசதாளம் என்றால் மொத்தம் 124 அங்குலம். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கலாம். ஆனால் கோடு வேறு, கொத்து வேறு. என் முதல் பிள்ளையாருக்குத் துதிக்கை முடிகிற இடத்தில் ஒரே அடி, போயே போய்விட்டது. உளிதான் சரியில்லை என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு உலைக்கு ஓடினேன். பெரியவர் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"உளி நல்லாத்தாண்டா கீது. காலைல யாரு கூட சண்ட?"

அன்று காலை அம்மாவோடு சண்டை போட்டிருந்தேன். அந்தக் கல்லின் விலையை ஸ்தபதி என் கூலியில் பிடிக்கவில்லை.

முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. என் கையைப் பாராட்டியவர்கள் நிறைய. முன்பணம் அனுப்பித் துவாரபாலகர்களைச் செய்யச் சொன்ன மலேசியக் கோயில்காரர்கள் இல்லையென்றால் எனக்குச் சொந்தப் பட்டறை கிடையாது. அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், சால்வையும் போர்த்தியிருக்கிறேன். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டார் யாரும் எட்டிப் பார்க்காத மாதங்களில், பதினோரு சிலையை வாங்கிப்போன ஒருவர் பணம் தராமல் இழுத்தடித்தார். அப்போது என் உளிகளைக் காசு வாங்காமல் காய்ச்சித் தந்தது பெரியவர். நோட்டில்கூட எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் திருப்பியாவது கொடுத்திருப்பேன்.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள், 133 அடி. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். கணபதி ஸ்தபதி செய்தது என்று ஊரே சொல்கிறது. சரிதான், எங்கள் ஊர் சிற்பக் கல்லூரியை நெடுங்காலம் நடத்தியவர் அவர். அந்தக் கற்களைக் கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் என்று மூன்று இடத்தில் செதுக்கினார்கள். மூன்று இடத்திலும் எத்தனை உலை எரிந்திருக்கும் என்றுதான் என் புத்தி முதலில் போகும்.

பக்கிங்காம் கால்வாய் தாண்டிப் பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. நொண்டி வீரப்பன் தொட்டி என்பார்கள். அதில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் உண்டு. இங்கே வேலை செய்த கைவினைஞர்கள் அவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று போகிற வரிசையில் கொல்லன் சேமகன் என்று ஒரு பெயர். முதல் முறை ஒருவர் அதை வாசித்துக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கல்லைத் தொட்டவர்களோடு உளியைத் தொட்டவனையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் கடைப் பலகைகளில் அந்த வழக்கம் எப்போது போனது என்று தெரியவில்லை. என் பலகையிலும் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

இப்போது கார்பைடு முனை வைத்த உளி வந்துவிட்டது, கிரைண்டர் வந்துவிட்டது. வேலை சுருக்காக முடிகிறது, தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது. பெரியவரும் இல்லை. உலை இருந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்கள் பைக் நிறுத்துகிறார்கள்.

கடற்கரைக் கோயிலையும் வெண்ணெய் உருண்டையையும் பார்க்க வருகிறவர்கள் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிப் பூஞ்சேரிக்கும் போய் வாருங்கள். வழி தெரியாவிட்டால் என் பட்டறையில் கேளுங்கள். பலகையில் இரண்டு பெயர் இருக்கும். கீழே இருப்பது பெரியவருடையது.