வேறு பெட்டியில் இருக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என்னைத் தெரிந்தவர்கள் சிலர் ‘மரவட்டைக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் மரவட்டை வளர்த்து இனம்பெருக்குகிறவர் என்று அர்த்தம். வளர்த்தது உண்மை. இனம்பெருக்கினேன் என்பது பொய். என் தொட்டியில் பிறந்த ஒரு குஞ்சுகூட வளர்ந்து பெரிதானதில்லை. செத்தவற்றை இரவில் குப்பைக்குள் போட்டுவிட்டு, அக்கா வீட்டுப் பின்வளவில் புதிதாகப் பிடித்து வந்து நிரப்பினேன். நிரப்பிவிட்டு, இதெல்லாம் என் கையில் பிறந்தது என்று வந்தவர்களுக்குக் காட்டினேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தபோதுதான் இந்த ஆசை பிடித்தது. தொடர்மாடியில் அடைபட்டுக் கிடந்த சனம் பாண் சுட்டது, பூக்கன்று வைத்தது. நான் கைபேசியில் வீடியோ பார்த்தேன். ஐரோப்பாவில் ஆபிரிக்க ராட்சத மரவட்டையை வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். ஒரு அடி நீளத்தைத் தொடுகிற கறுத்த பிராணி, ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவசரமே இல்லாமல் ஊர்ந்து போனது. அந்தப் பிள்ளையின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. எனக்கும் ஒன்று வேண்டும் போலிருந்தது.

மே கடைசியில் கொழும்புக்கு ஊரடங்கு தளர்ந்ததும் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். அக்கா வீட்டுப் பின்வளவில் ஒரு பலாக்குத்தி விழுந்து உக்கிப்போய்க் கிடக்கும். புரட்டினால் செங்கட்டி நிறத்தில், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. விஞ்ஞானப் பெயர் ட்ரைகோனியுலஸ் கோரலினஸ். தென்கிழக்காசியப் பக்கத்து ஆள். பூச்சட்டி மண்ணோடு கப்பலேறிக் கரிபியன் தீவுகளுக்கும் புளோரிடாவுக்கும் போய்க் குடியேறிவிட்டது. கொழும்பில் மழை விட்ட மறுநாள் மதிலோரத்தில் பார்க்காதவர் இருக்கமாட்டார். எடுத்தவுடன் கையில் மண்ணிறமாக ஒன்றைக் கக்கியது. பென்சோகுவினோன் வகை நச்சுச்சாறு அது. எறும்புக்கும் பறவைக்கும் எச்சரிக்கை. என் விரலில் அந்தக் கறை சில நாள் நின்றது.

“உனக்கென்ன விசரே? அந்தச் சனியனுகளை வீட்டுக்குள்ளயோ கொண்டு போகப்போறாய்?” என்றா அக்கா. அவவின் மகனுக்கு அப்போது எட்டு வயது. ஓடிப்போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பா எடுத்து வந்து மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தந்தான். இந்தக் கதையில் நான் அதிகம் வெட்கப்படுகிற இடம் அவன்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய மீன்தொட்டியில் தும்புத்தூள், மண், உக்கின பலா இலை, மாவிலை, வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்த மரத்துண்டு எல்லாம் போட்டேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. ஈரத்துக்குக் கெக்கரிக்காய்த் துண்டு. ஆணா பெண்ணா என்று பார்க்கவும் படித்துக்கொண்டேன். ஆணுக்கு ஏழாவது வளையத்தில் நடக்கிற கால் இராது. அந்தக் கால்கள் சேர்க்கைக்கான உறுப்பாக மாறி உள்ளே மடங்கியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கால்வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரித் தெரியும். மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தொட்டியின் மூடிக்கு மேலே எப்போதும் ஒரு பாரம் இருக்கவேண்டும். என்னுடைய கணக்கியல் புத்தகங்கள் இரண்டு அந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தன.

சேர்க்கை நடந்தது. சில கிழமைக்குப் பிறகு, ஒரு நாள் மண்ணை விரலால் கிளறியபோது அரிசிக் குறுணலிலும் சின்னதாக வெள்ளைக் குஞ்சுகள். முட்டையால் வெளிவருகிறபோது மரவட்டைக்கு அம்மாவைப் போல் நூற்றுக்கணக்கில் கால் கிடையாது. முதற் பருவத்தில் மூன்றே சோடி. ஒவ்வொரு முறை தோல் கழற்றும்போதும் உடம்பில் வளையம் கூடும், கால் கூடும். அந்த மூன்று சோடிக் காலையும் கைவில்லையில் பார்த்த சந்தோசத்தில் தொடர்மாடி முழுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டு அன்ரி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து பார்த்தா. அவவின் பேத்தி பார்த்தாள். அலுவலகத்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்டவேண்டாமா? ஒவ்வொருவருக்கும் மண்ணைக் கிளறினேன்.

அவற்றைக் கொன்றது அந்தக் கிளறல்தான். மரவட்டை தோல் கழற்றுகிற காலத்தில் மண்ணுக்குள் இறங்கித் தன்னைச் சுற்றி ஒரு சின்ன அறை கட்டிக்கொள்ளும். சுவரை உள்ளிருந்து அழுத்தி மெழுகின மாதிரி வழுவழுப்பாக வைத்திருக்கும். அதற்குள் சுருண்டு, பழைய ஓட்டை உரித்து, புது ஓடு இறுகும்வரை அசையாமல் கிடக்கும். உரித்த ஓட்டைத் தின்றுதான் சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அறை உடைந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. நான் உடைத்தேன். ஒரு முறை கரண்டியின் நுனியில் ஒரு மண் உருண்டை இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒரு பெண் மரவட்டை, தந்த நிறத்தில், கால்களெல்லாம் பளிங்கு மாதிரி, பாதி ஓடு வாலில் தொங்க. என் மூச்சுக் காற்றுப் பட்டதும் கால்கள் ஒரு அலையாக அசைந்தன. நின்றுகொண்டிருந்தவர்கள் “ஆ” என்றார்கள். நான் கைபேசியில் படமெடுத்தேன். அடுத்த நாள் அதன் வயிறு கறுத்திருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் செய்தது என்று சொன்னால் இன்னொரு பொய். தோல் கழற்றுகிற அறையைத் தொடாதே என்று வளர்க்கிறவர்கள் எல்லாரும் முதற் பாடமாகச் சொல்கிறார்கள். நானும் வாசித்திருந்தேன். மண்ணுக்குள் இருப்பதை விட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு ஏலாது. பார்க்க ஆளில்லாத இனப்பெருக்கத்தில் எனக்கு என்ன பெருமை? குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்றுதான் உக்கின இலையைச் சமிக்க வைக்கிற நுண்ணுயிர்களை வயிற்றில் சேர்க்கின்றன. அந்த எச்சம் அழுக்காகத் தெரிகிறதென்று விருந்தாளி வருகிற நாளில் மேல்மண்ணை மாற்றினேன். ஒரே வேலையில் இரண்டு கொலை.

தொட்டியில் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போகும்போதெல்லாம் பலாக்குத்தியைப் புரட்டினேன். மருமகன் டோர்ச் பிடிப்பான். முதலில் “ஏன் மாமா இன்னும் பிடிக்கிறீங்கள், உங்கட வீட்டிலதான் குட்டி இருக்கே?” என்று கேட்டான். “இரத்தக் கலப்பு வேணுமடா, ஒரே குடும்பத்துக்க கட்டினாச் சரிவராது” என்றேன். அவன் நம்பினான். கொஞ்சக் காலத்தில் கேட்பதை விட்டுவிட்டான்.

2023இல் அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. மரவட்டை இனம்பெருக்குகிற மாமாவை அழைத்தார்கள். முதல் நாள் பின்னேரம் நானும் அவனும் பின்வளவில் தொட்டியை நிரப்பினோம். மறுநாள் வெள்ளைச் சேட்டோடு நின்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், அதையும் சொல்லவேண்டும். ஆயிரம் காலுக்கு மேல் உள்ள முதல் இனம் மேற்கு அவுஸ்திரேலியாவில், நிலத்துக்குக் கீழே 60 மீற்றர் ஆழத்தில் கிடைத்தது, 2021இல்தான் அதை அறிவித்தார்கள், அதற்கு 1306 கால் என்று சொன்னேன். மரவட்டையைத் தொட்டால் சுருளும், மட்டத்தேளைத் தொட்டால் கடிக்கும் என்றேன். பிள்ளைகள் வரிசையாக நின்று கையில் ஏற்றிப் பார்த்தார்கள். நிறையப் பேர் அன்றைக்கு அருவருப்பை விட்டார்கள்.

வரிசைக் கடைசியில் ஒரு பிள்ளை, இரட்டைப் பின்னல், கொப்பியும் பென்சிலுமாக. தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“அங்கிள், எல்லாம் ஒரே சைஸில இருக்கே. குட்டியள் எங்க?”

“வேற பெட்டியில இருக்கு.”

“எத்தினை இருக்கு?”

“நூறுக்கு மேல.”

அவள் கொப்பியில் எழுதினாள். எனக்குப் பக்கத்தில் மருமகன் நின்றான். தலை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில், ஜம்பட்டா வீதி நெரிசலில், “மாமா, அந்த வேற பெட்டி எங்க வச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டான். பகிடிக்குக் கேட்டானா, உண்மையாகக் கேட்டானா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஐஸ்கிரீம் குடிப்பமா என்றேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

அதற்கு அடுத்த வருடம், 2024 செப்டெம்பரில், யால வழக்கின் தீர்ப்பு வந்தது. ஊரடங்கு காலத்தில், 2020 மே 8ஆம் திகதி, இத்தாலியிலிருந்து வந்த ஒரு தந்தையும் மகனும் யால தேசிய பூங்காவில் போத்தல் போத்தலாகப் பூச்சிகளோடு பிடிபட்டார்கள். அவற்றில் 92 வகை வண்ணத்துப்பூச்சி. 810 குற்றச்சாட்டு, 6 கோடி ரூபா தண்டம். அலுவலகத்தில் எல்லாரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். “எங்கட நாட்டுச் சொத்தைக் களவெடுக்க வந்தவங்கள், நல்லா வேணும்” என்றார் ஒருவர். நான் எல்லாரையும்விட உரக்க ஆமோதித்தேன். பூச்சி விசயத்தில் நான்தானே அங்கே நிபுணன்.

அன்றைக்கு என் வீட்டு அலுமாரியில் சத்திரசிகிச்சை ஸ்பிரிட் ஊற்றின ஒரு ஜாம் போத்தல் இருந்தது. உள்ளே ஒரு உருண்டை மரவட்டை. மலைநாட்டுப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, பக்கத்துச் சரணாலயத்தில் நடக்கப்போய், இலைச் சருகுக்குள் கண்டெடுத்தது. செங்கட்டி நிறத்தார் எங்கும் கிடைக்கிறவர்கள்; அக்கா வீட்டுக் குத்தியில் எத்தனை எடுத்தாலும் இனம் அழியாது. இது அப்படியல்ல. ஆர்த்ரோஸ்பீரா என்கிற இந்தச் சாதியின் வீடே தென்னிந்தியாவும் இலங்கையும்தான். இலங்கையில் நூறுக்கு மேல் மரவட்டை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி வேறெங்கும் கிடையாது. சுவிற்சர்லாந்துக்காரர் அலோயிஸ் உம்பேர் 1865இலேயே இந்தத் தீவின் பலகாலிகளைப் பற்றி எழுதி ஜெனீவாவில் வெளியிட்டார். ஆர்த்ரோஸ்பீரா பிராண்டியை விவரித்தவர் அவர்தான். எனக்குக் கிடைத்தது எந்த இனம் என்று சொல்லுகிற அறிவு எனக்கில்லை. பளபளத்த கபில நிறம். தொட்டவுடன் தலை, கால், உணர்கொம்பு எல்லாவற்றையும் உள்ளே இழுத்து இடைவெளி இல்லாத ஒரு உருண்டையானது. இந்தச் சாதிக்கு நச்சுச்சாறு சுரப்பியே கிடையாது. சுருள்வது ஒன்றுதான் அதனிடம் உள்ள ஆயுதம். கைலேஞ்சியில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் போடுகிறவனிடம் அது செல்லாது.

1937ஆம் ஆண்டு வந்த விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எனக்குத் தெரியும். நுழைவாயில் பலகையையும் வாசித்தேன். இந்த உருண்டைச் சாதியை அனுபவமுள்ளவர்களே வீட்டில் வாழவைக்கச் சிரமப்படுகிறார்கள் என்பதும் தெரியும். வெள்ளவத்தைக் கொங்கிறீற்றுச் சூட்டில் அது இலையைத் தொடவேயில்லை. ஒரு நாள் உருண்டையாகவே இருந்தது, மறுநாளும் விரியவில்லை. ஸ்பிரிட்டுக்குள் போட்டேன்.

குற்றம் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை என்பேன். போத்தலுக்கு லேபல் ஒட்டினேன்: ‘கொழும்பு, வீட்டுத்தோட்டம்’ என்று. யாராவது பார்த்தால் சரணாலயத்தில் எடுத்தது தெரியக்கூடாதே. ஒரு மாதிரிக்கு இடம் தப்பென்றால் அது விஞ்ஞானத்துக்கு உதவாத வெறும் ஓடு. அதைவிட மோசம், நம்பிப் படிக்கிற ஒருவனை வழிதவற வைக்கும். ஸ்கொட்லாந்தில் மைக் நியூமன் என்ற பஸ் சாரதி, ஸ்டோன்ஹேவன் கரையோரப் பாறையில் 40 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட மரவட்டைப் புதைபடிவம் ஒன்றைக் கண்டெடுத்தார். காற்றைச் சுவாசித்த மிகப் பழைய பிராணிகளில் ஒன்று. 2004இல் அதற்கு நியூமோடெஸ்மஸ் நியூமனி என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் பஸ் சாரதி மாதிரி என் பெயரிலும் ஒன்று வராதா என்று நான் பகற்கனவு கண்டதுண்டு. அவர் கல்லை எடுத்த பாறையை எவரும் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். என் போத்தலை நம்பி வருகிறவர் வெள்ளவத்தை மாடியில் நின்று காடு தேடவேண்டும்.

கொள்ளுப்பிட்டி தாண்டிப் போனால் தேசிய நூதனசாலை. பஸ்ஸில் அரை மணித்தியாலம் எடுக்காது. போத்தலை அங்கே கொடுப்பதென்றால் எங்கே, எப்போது, எப்படி எடுத்தேன் என்று சொல்லவேண்டும். தண்டமும் கட்டவேண்டி வரலாம். அதனால் போத்தல் இன்னும் அலுமாரியில்தான். சரணாலயத்தின் பெயரை இங்கேகூட நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாக்குமூலத்திலும் கொஞ்சம் பதுக்கல் இருக்கிறது. அச்சில் வந்தபிறகு கொடுக்காமல் இருக்க முடியாது என்ற கணக்கில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

போன கிழமை லேபலைக் கழற்றினேன். என் கையெழுத்து நடுங்குமென்று சாட்டுச் சொல்லி, புது லேபலை எழுதும்படி மருமகனிடம் கொடுத்தேன். இப்போது அவனுக்கு என்னளவு உயரம். திகதி எழுதினான். இடம் என்று வந்தபோது பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“உண்மையான இடத்தையோ மாமா போடுறது?”