இரண்டு ரீஃப்கள்

கோலார் தங்கவயலில் 'ரீஃப்' என்றால் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது. தங்கம் பொதிந்த படிகக்கல் படிவுக்குச் சுரங்கக்காரர்கள் சொல்லும் பெயர் அது. சாம்பியன் ரீஃப் அங்கே ஒரு சுரங்கம், ஒரு குடியிருப்பு, ஒரு போலீஸ் ஸ்டேஷன். அந்தப் படிவைத் துரத்திக்கொண்டு சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை போனார்கள். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல்.

அந்த ஊரிலிருந்து எட்டுப் பேர் வேன் பிடித்து, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாக ராமநாதபுரம் கடற்கரைக்கு இன்னொரு ரீஃபைப் பார்க்கப் போனோம். எங்களில் மூத்தவர் 1970களில் சாம்பியன் ரீஃபில் வேலைக்குச் சேர்ந்து, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும்வரை கேஜில் இறங்கி ஏறியவர். கடலில் கால் நனைத்தது வேளாங்கண்ணியில் ஒரே ஒருமுறை. பேரனின் பிடிவாதத்தால் வந்திருந்தார்.

மண்டபம் போகும் வழியில் சாலையைவிட்டு வடக்கே விலகினால் பிரப்பன்வலசை. மீனவக் கிராமம். இந்தப் பக்கம் பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு இவை பெண் கடல், ஆண் கடல். பெண் கடல் பெரும்பாலும் ஏரி போலக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் அதன் குணம் மாறிவிடும்.

காலை எட்டு மணிக்குள் எல்லோருக்கும் மிதவை அங்கி மாட்டினார்கள். முகமூடியையும் மூச்சுக்குழாயையும் எப்படிப் பொருத்துவது என்று இடுப்பளவுத் தண்ணீரிலேயே பாடம் நடந்தது. வழிகாட்டும் இளைஞர் ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி: "மூச்சுக் கோளாறு ஏதும் இருக்கா?" பெரியவர் பதில் சொல்லவில்லை, இருமினார். தங்கவயலில் அந்த இருமல் வீட்டுக்கு வீடு கேட்கும். கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் பல சுரங்கத் தொழிலாளர்களைத் தின்றிருக்கிறது. "அய்யா படகுலயே இருக்கட்டும்" என்றார் இளைஞர். பேரனின் முகம் வாடிவிட்டது.

சின்னப் பாய்மரப் படகு. மோட்டார் இல்லாததால் பேச்சும் குறைந்துபோனது. பாய் படபடப்பதும் தண்ணீர் உரசுவதும்தான் சத்தம். நங்கூரம் போட்ட இடத்தில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. குப்புற மிதந்து பார்த்தால் கடற்புல் வயல் காற்றில் ஆடும் நெற்பயிர்போல் அசைகிறது. அதன் நடுவே மூளைபோல் மடிப்பு மடிப்பாகப் பவளத் திட்டுகள். புல் மேயும் ஓரா, பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன், பொந்துக்குள்ளிருந்து முறைக்கும் கலவா. கிளிமீன் கொறிக்கும் சத்தம் காதில் கேட்கிறது என்றால் நம்புங்கள். சில திட்டுகள் வெளிறிச் செத்துக் கிடந்தன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி இந்தப் பகுதிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின.

இளைஞர் இவற்றை ரீஃப் என்று சொல்லவில்லை. 'பார்' என்றார். முத்துக் குளித்த காலத்திலிருந்தே வழங்கும் சொல்: முத்துப் பார், சங்குப் பார். பாறை என்றும் பொருள், பூமி என்றும் பொருள். தமிழ் படித்தவனுக்கு இப்படி ஒரு சொல் தண்ணீரில் கிடைத்தால் கொஞ்சநேரம் மீனெல்லாம் மறந்துவிடுகிறது.

இந்தப் பாரையும் வெட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் மன்னார் வளைகுடாவில் பல ஆண்டுகள் பவளப்பாறைகள் உடைத்து எடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 1986இல் தேசியப் பூங்கா அறிவித்த பின்னும் வெட்டு ஓயவில்லை. பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது 2001 ஜூலையில். தங்கவயல் மூடப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பவளத்தை நம்பியிருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் இனித்திருக்காது. தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை போன வீடுகளிலிருந்து பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறார்கள். கடற்கரையில் சிலருக்காவது பாரை உடைக்காமல் காட்டிப் பிழைக்க வழி கிடைத்திருக்கிறது. ஊருக்கே சோறுபோடும் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும் முன் இளைஞர் மனமிரங்கினார். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் பெரியவருக்கு மிதவை வளையத்தைக் கொடுத்து, குழாய் இல்லாமல் முகமூடி மட்டும் மாட்டி, பக்கத்திலேயே நின்றார். பெரியவர் மூச்சடக்கி முகத்தை நீருக்குள் வைத்தார். நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் பேரன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"உங்க ஊர் ரீஃபையும் இப்படிக் காட்டுவாங்களா அய்யா?" என்று கேட்டார் இளைஞர்.

"அதுவும் இப்போ தண்ணிக்குள்ளதான் இருக்கு தம்பி. பம்பு நின்னதும் ரொம்பிப்போச்சு. அதைப் பாக்க எந்தக் கண்ணாடியும் பத்தாது."

போக நினைப்பவர்களுக்கு: கடல் அமைதியான மாதமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகு வேண்டாம். பவளத்தின் மேல் காலூன்றாதீர்கள். ஒரு விரற்கடை வளர அதற்குப் பல வருடம் ஆகும். மதியம் கிராமத்திலேயே சாப்பிடலாம். எங்களுக்குக் கிடைத்தது ஓரா மீன் குழம்பு. பெரியவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.