சிவப்பு விளக்கு எரியுது பாஸ்!

சென்னையிலிருந்து தெற்கே போற பஸ்ல ஏறினதும் தூங்கிடுற ஆளா நீங்க? அப்போ திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. நடுவுல விக்கிரவாண்டியில பஸ் ஓரங்கட்டி, 'வண்டி பத்து நிமிஷம் நிக்கும்'னு கண்டக்டர் கத்தும்போது ஒரு கண்ணைத் திறந்து, விலைப்பட்டியலைப் பார்த்துட்டு மறுபடி மூடியிருப்பீங்க. தப்பில்ல. நாங்களும் அப்படித்தான் இருந்தோம், ஒரு சனிக்கிழமை காலை வரைக்கும்.

நாலு பேர். நண்பனோட மாமாகிட்ட கெஞ்சி வாங்கின பழைய டீசல் கார். விழுப்புரத்துல இன்னொரு நண்பன் வீட்டுல மதியச் சாப்பாடு, சாயந்திரம் மண்டகப்பட்டு. இதுதான் பிளான்.

திண்டிவனம் தாண்டறவரைக்கும் ஜாலி. 'திந்திருணி'ன்னா புளி, புளியமரக் காடுதான் திண்டிவனம் ஆச்சுன்னு பின் சீட் அறிவாளி கதை சொல்லிக்கிட்டு வந்தான். வெளியில தேடினா புளியமரம் குறைச்சல், பிளாட் விளம்பரம் அதிகம். அந்தக் காலத்து என்.ஹெச்.45 இது. இப்போ இந்தத் துண்டுக்கு நம்பர் 132. முப்பத்தஞ்சு, நாப்பது கிலோமீட்டர் நேர் ரோடு. ஆக்சிலேட்டர்ல கால் வெச்சா எடுக்கவே தோணாது.

கூட்டேரிப்பட்டுகிட்ட, மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்புற இடம், பானெட்டுக்குள்ள 'பட்'டுனு ஒரு சத்தம். டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. "பகல்தானே மச்சி, ஹெட்லைட் வேணாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னான் ஓட்டினவன். நாங்களும் தலையாட்டினோம். பாட்டு வேற நல்லா இருந்துச்சு!

கவனிங்க, இங்கதான் விஷயமே. அடுத்த சில கிலோமீட்டருக்கு அவன் பிரேக்கையே தொடலை. தொட வேண்டிய வேலை இல்ல. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசை கண்ணுல பட்டதும் மிதிச்சான். முதல் மிதி சரியா இருந்துச்சு. ரெண்டாவது மிதி கொஞ்சம் முறுக்கு. மூணாவது... கருங்கல்! பெடல் இறங்கவே இல்ல. முன்னாடி ஒரு பஸ், அதோட பின் கண்ணாடியில முகத்தை ஒட்டி எங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்த ஒரு வாண்டு. அந்த முகம் பெரிசாகிட்டே வந்தது இப்பவும் ஞாபகம் இருக்கு.

அவன் புத்திசாலித்தனமா ஒண்ணும் பண்ணலை. பயத்துல சீட்ல எழும்பி, ரெண்டு காலையும் பெடல் மேல வெச்சு உடம்பு மொத்தத்தையும் போட்டான். வண்டி நின்னுச்சு. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். அந்த முட்டாள்தனம்தான் சரியான வைத்தியம்னு பிறகு தெரிஞ்சது.

ஓரமா தள்ளி நிறுத்தி, ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். நாங்க பிரேக்கைப் பத்தி அழுதோம். அவர் பிரேக்கைப் பார்க்கவே இல்ல. "எந்த லைட்டு தம்பி மொதல்ல எரிஞ்சுது?"ன்னார். பேட்டரின்னோம். டெம்பரேச்சர் முள்ளை எட்டிப் பார்த்தார், அது சிவப்புக்கோட்டுப் பக்கம் போயிட்டிருந்தது. பானெட்டைத் தூக்கினார். "பெல்ட்டு போச்சு. அவ்ளோதான்."

எப்படின்னா, நாம மிதிக்கிற மிதி தனியா ஒரு காரை நிறுத்தப் போதாது. பெடலுக்குப் பின்னாடி பூஸ்டர்னு பெரிய தட்டையான ஒரு டப்பா இருக்கு. அதோட ஒரு பக்கக் காத்தை உறிஞ்சிட்டா, நாம மிதிக்கும்போது இன்னொரு பக்கக் காத்தழுத்தம் நம்ம காலோட சேர்ந்து தள்ளும். பெட்ரோல் வண்டியில இன்ஜின் காத்து இழுக்கிற குழாயிலிருந்தே இந்த உறிஞ்சல் பெரும்பாலும் கிடைச்சிடும். டீசல்ல அது போதாது, தனியா வேக்குவம் பம்ப் வேணும். பழைய டீசல் வண்டிகள் பலதுல அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகுலயே உட்கார்ந்திருக்கும். ஆல்டர்னேட்டரைச் சுத்தறது ஒரு பெல்ட். எங்க வண்டியில தண்ணி பம்பையும் அதே பெல்ட்தான் சுத்துது. பெல்ட் அறுந்தா சார்ஜ் இல்ல, கூலிங் இல்ல, வேக்குவமும் இல்ல. பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும். அதைத்தான் நாங்க டோல்கேட் வரைக்கும் பத்திரமா எடுத்துட்டு வந்திருக்கோம்!

ஆனா பெடல் கல்லா இருந்தாலும் ஆயில் லைன் வேலை செய்யும். அதனால இப்படி ஆனா விட்டு விட்டு மிதிக்காதீங்க, இருக்கிற வேக்குவமும் காலி. ஒரே அழுத்தா, உயிரைக் குடுத்து மிதிங்க. கூடவே கியரைக் குறைங்க, ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுங்க. ஓடற வண்டியில சாவியை ஆஃப் பண்ணிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆகிடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு இறக்கத்துல இன்ஜினை அணைக்கிற மகான்கள் எல்லா காலேஜ்லயும் உண்டு. அவங்களுக்கும் இதே கல் பெடல் காத்திருக்கு.

மாறா, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனா அது வேற வியாதி: லைன்ல காத்து, இல்ல பிரேக் ஆயில் கசிவு. கூடவே வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கும் எரியலாம். ஹேண்ட் பிரேக்கை எடுத்தும் அது அணையலைன்னா வண்டியை நகர்த்தாதீங்க. ஏபிஎஸ் மஞ்சள் மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் பொதுவா இருக்கும், ஆனா திடீர்னு மிதிச்சா சக்கரம் பூட்டிக்கலாம். பெட்ரோல் காரா, பெடல் கடினமா இருக்கு, ஐடில்ல இன்ஜின் துள்ளுது, செக் இன்ஜின் மஞ்சளும் எரியுதா? பூஸ்டருக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. 'உஸ்'னு சத்தமே காட்டிக் குடுத்துடும்.

புது பெல்ட் மாட்டி, வண்டி நல்லா ஆறினப்புறம் மூடியைத் திறந்து தண்ணி ஊத்தின அண்ணன், ஒரு சோதனையும் சொல்லிக் குடுத்தார். இன்ஜினை அணைச்சுட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதி. கல்லாகிடும். காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணு. பெடல் தானா கொஞ்சம் கீழே இறங்கினா பூஸ்டர் உயிரோட இருக்கு. எங்களுக்கு இறங்குச்சு. நாலு பேரும் வரிசையா மிதிச்சுப் பார்த்தோம், விளையாட்டுச் சாமான் கிடைச்ச மாதிரி. பெல்ட்டோட விலை, ரோட்டோர மோட்டல்ல நாங்க சாப்பிட்ட டிபன் பில்லைவிடக் கம்மி! (நெடுஞ்சாலையில மாட்டிக்கிட்டு மெக்கானிக் கிடைக்கலைன்னா 1033-க்கு அடிங்க.)

விழுப்புரம் போய்ச் சேர்றதுக்குள்ள சாம்பார் ஆறிப் போச்சு. அஞ்சு பக்கம் ரயில் பிரியுற ஜங்ஷன் ஊர், "ரயில்ல வந்திருக்கலாம்ல?"னு நண்பனோட அம்மா கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை.

மண்டகப்பட்டுக்குப் போயிட்டோம், அதே காரில். பாறையைக் குடைஞ்ச குகைக்கோயில், ரெண்டு பக்கமும் துவாரபாலகர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம கட்டினேன்னு மகேந்திரவர்மன் கல்வெட்டுல பெருமை அடிச்சிருக்கார். ஏழாம் நூற்றாண்டு. "இதுல அறுந்து போக ஒண்ணுமே இல்லையேடா"ன்னான் ஓட்டினவன்.

திரும்பும்போது சாவியை ஒரு சுத்து சுத்தி, எல்லா விளக்கும் எரிஞ்சு ஒவ்வொண்ணா அணையுதான்னு பார்த்துட்டுத்தான் கியர் போட்டான். பாட்டு போடவே இல்ல.